திரைக்குக் கீழே ஓடிய எழுத்து

1

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வெளிநாட்டில் இருக்கிறேன். சிரிக்க வேண்டாம். மைசூரு உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம்தான், அதுவும் திம்பம் மலையில் எந்த லாரியும் வளைவில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். ஆனால் மலை ஏறி ஆசனூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறிவிடும். அந்த நிமிடத்திலிருந்து நான் கைநாட்டு. நன்றாகப் படித்துக்கொண்டு வந்த ஒரு மனிதனை ஒரு பஸ் டிக்கெட்டில் படிக்காதவனாக ஆக்கிவிட முடியும் என்றால் அது வெளிநாடு இல்லாமல் வேறென்ன?

"நன்றாகப் படித்துக்கொண்டு" என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது முழுப் பரீட்சைக்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல். "சரி, அடுத்த வருசம் எழுதிக்கலாம்" என்றார் அப்பா. அந்த அடுத்த வருடம் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுவேன்.

இந்த ஆடியோடு நான் இங்கே வந்து இருபத்து மூன்று வருடம். கேஸ் அடுப்புப் பழுது பார்ப்பது தொழில். பயப்படுவது இரண்டாவது தொழில், அதற்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கு போகும், பிறகுதான் நான் போவேன். கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் வெளியே ஓடுகிற கதவு எத்தனை என்று எண்ணுவேன். எங்கள் வீட்டு ரெகுலேட்டரைப் படுக்கப்போகும் முன் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவில் அது தானே திறந்துகொள்ளாது என்று என் மனைவி தனலட்சுமி பல வருடமாக வாதாடுகிறாள். அவளுக்கு அடுப்புகளைப் பற்றி என்ன தெரியும்?

கன்னடம் பேசுவேன். வந்த புதிதில் வீட்டு ஓனர் அம்மாவை மூன்று மாதம் "நீ, வா, போ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், மரியாதைக்கு வேறு வார்த்தை உண்டு என்று தெரியாமல். அந்த அம்மா வாடகையை ஏற்றவில்லை, அவ்வளவு நல்லவர். இப்போது பிரச்சினை இல்லாமல் பேசுகிறேன். சண்டைகூடப் போடுவேன்.

படிக்க மட்டும் வராது.

இதுதான் என் ரகசியம். தனலட்சுமிக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

2

ஒரு ஊரில் இருபத்து மூன்று வருடம் எழுத்துத் தெரியாமல் இருப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். படித்துத் தொலைப்பதைவிட இதற்கு அதிக மூளை வேண்டும். பஸ்ஸில் எண்ணைப் பார்ப்பேன். வாடிக்கையாளர் விலாசம் அனுப்பினால், "சார், வண்டி ஓட்டிட்டிருக்கேன், வாயில சொல்லுங்க" என்பேன், வீட்டில் உட்கார்ந்துகொண்டே. மற்ற எல்லாவற்றுக்கும் "கண்ணாடி எடுத்துட்டு வரலை." நான் கண்ணாடி போட ஆரம்பித்தது நாற்பத்து மூன்று வயதில். கண்ணாடியை மறந்துவிட்டு வர ஆரம்பித்தது முப்பது வயதில்.

ஒரு தடவை ரேஷன் கார்டுக்கு மனுப் போட வரிசையில் நின்றேன். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றதும் பக்கத்தில் நின்ற புண்ணியவான் ஒருவர் எனக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்தார். அவசரத்தில் உறவுமுறைக் கட்டத்தில் எதையோ எழுதிவிட்டார் போல. இரண்டு வருடம் நான் என் மனைவிக்கு மாமனாராக இருந்தேன், அரசாங்க முத்திரையுடன். திருத்தப் போனால், மாமனார் நேரில் வர வேண்டும் என்றார்கள். நான்தான் சார் அந்த மாமனார் என்றேன். அப்படியென்றால் கார்டு சரியாகத்தானே இருக்கிறது, என்ன திருத்த வேண்டும் என்றார்கள். நான்கு தடவை போனேன்.

அதெல்லாம் சில்லறை. விஷயம் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது.

எங்களுக்கு ஒரே மகள், வெண்ணிலா. இருபத்தோரு வயது. பி.ஏ. முடித்திருக்கிறாள். கன்னடத்தில் கதைப் புத்தகங்களைத் தலையணை உயரத்துக்கு அடுக்கிவைத்துப் படிப்பாள். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பாள், கரண்ட் பில் படிக்கிற மாதிரி. தனலட்சுமி பவானியில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இதுல ஒரு ருஜு போடு."

ருஜு என்றால் கையெழுத்து. நீட்டியது இரண்டு பக்கம், முழுக்கக் கன்னடம். மேலே ஒரு வட்ட முத்திரை. அடியில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன், வீட்டில் மறந்து வந்துவிட்டேன் என்று சொல்ல முடியாதே. இடமிருந்து வலமாகப் பார்த்தேன். படிக்கிறவனுக்கு ஆகிற நேரம் கொடுத்தேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திப் புருவத்தைத் தூக்கினேன். பக்கத்தைத் திருப்பினேன். "ம்ம்" என்றேன். போட்டேன், தமிழில், பெ. முருகேசன் என்று.

அவள் உடனே வாங்கவில்லை. ஒரு நொடி நின்றாள்.

"ஏனாதரு கேக்கணுமாப்பா?"

ஏதாவது கேட்க வேண்டுமா என்கிறாள். "கேக்கறதுக்கு என்ன கண்ணு, எல்லாம் சரியாத்தான இருக்குது" என்று பேஸ்ட் நுரையோடு சொன்னேன்.

அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போன பிறகு நான் ரெகுலேட்டரை நான்கு தடவை தொட்டுப் பார்த்தேன். என்ன அது? கல்யாணப் பதிவா? வேலையா? ஏதாவது ஆஸ்பத்திரியில் என் மகளை எதற்காவது அறுத்துப் பார்க்கச் சம்மதமா? வங்கிக் கடனா? வட்ட முத்திரை எதற்கெல்லாம் வைப்பார்கள்?

எனக்கு இந்தச் சந்தேகம் வரக் காரணம் இருக்கிறது. என் அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. வீட்டுக்கு வரும் காகிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். ஏழாவதில் ஒரு தடவை, பையன் பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்று தலைமையாசிரியர் எழுதியனுப்பியதை, "பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறாங்களாம், இன்னும் ஒரு வாரம் லீவாம்" என்று தெளிவாக, நிறுத்தி நிறுத்தி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அந்தக் காகிதத்தை வாங்கிப் பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அதனால், எழுத்துத் தெரியாத பெற்றோரை என்ன செய்யலாம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

3

அன்று மாலைதான் படம்.

இதற்கு எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேர் மாதம் ஒரு படம் போவோம். ஒருவன் அந்தோணிசாமி, மார்டள்ளிக்காரன், டவுன் பஸ் கண்டக்டர். மார்டள்ளி கர்நாடகத்தில்தான் இருக்கிறது, ஆனால் அவன் பேசினால் நம்ம சந்தையில் நின்று பேசுகிற மாதிரியே இருக்கும். இன்னொருவர் ரங்கராஜன், மேலுகோட்டை ஐயங்கார், வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர். நான் வெளிநாடு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அந்தோணியின் மனைவி பிலோமினாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தியேட்டர் படி ஏற முடியாது. சினிமா என்றால் உயிர். செல்போனில் பார்க்கச் சொன்னால், "அதெல்லாம் எறும்புப் படம், எனக்கு வேண்டாம்" என்பாள். அதனால் படம் முடிந்ததும் நாங்கள் நேராக என்.ஆர். மொஹல்லாவில் அவர்கள் வீட்டுக்குப் போய், ஒருவர் முழுக் கதையையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். மாதம் ஒருவர் முறை. சட்டங்கள் இரண்டு. கதை முடியும்வரை மற்றவர்கள் திருத்தக் கூடாது. கதை பிடித்தால்தான் களிக்குக் கோழிக் குழம்பு, பிடிக்காவிட்டால் களிக்கு மோர். ரங்கராஜன் மட்டும் தன் டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்து, எங்கள் கோழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். கதைக்கு மட்டும் திரும்புவார்.

இந்த மாதம் என் முறை. இதுவரை கவலைப்பட்டதில்லை. தமிழ்ப் படம்தான் போவோம். ஹீரோ வருவார், அடிப்பார், சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தத் தடவை வெண்ணிலா எங்களை அழைத்தாள். அவளும் கூடப் படித்தவர்களும் சேர்ந்து சினிமாச் சங்கம் ஒன்று நடத்துகிறார்கள். ஏதோ பனி தேசத்துப் படமாம். பெரியவர்களுக்கான, பயங்கரமான தேவதைக் கதையாம். அந்தப் பாஷை யாருக்கும் தெரியாது, அதனால் பேச்சு எல்லாம் திரைக்குக் கீழே கன்னடத்தில் ஓடும். அந்தக் கன்னட வரிகளை எழுதியதே வெண்ணிலாதானாம். இரண்டு மாதம் கண் விழித்து எழுதினாளாம்.

"நீ கண்டிப்பா வரணும்பா. ஒவ்வொரு லைனும் படிக்கணும்."

நான் என்ன சொல்ல முடியும்? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

போகிற வழியில் ரங்கராஜனிடம் பேசிப் பார்த்தேன். "சாமி, இந்த மாசம் நீங்க சொல்லுங்களேன். இந்த மாதிரிப் படமெல்லாம் உங்களுக்குத்தான் நல்லா வரும்."

"முறைன்னா முறைதான் ஓய். பொண்ணு எழுதின படம், தோப்பனார் சொல்றது. இதைவிட என்ன பொருத்தம் வேணும், அல்வா?"

அல்வா என்றால் இங்கே "இல்லையா?" என்று அர்த்தம். தின்கிற பண்டம் இல்லை. அன்று எனக்கு இரண்டுமே கிடைத்தது போலிருந்தது.

4

கல்லூரி ஒன்றின் அரங்கத்தில் படம். வெளியேறும் கதவு மூன்று, அதில் ஒன்று பூட்டியிருந்தது. யாரிடமாவது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

நான் பார்த்த படம் இது. நான்கு பக்கமும் பனி. நடுவில் உயரமாக ஒரு கல் கட்டிடம். அதில் தாடிக்காரர் ஒருவரும் பத்து, பதினோரு வயதில் ஒரு பெண்ணும். அந்த மனுசன் கஞ்சி காய்ச்சுகிறார், அவளுக்குத் தலை சீவிவிடுகிறார், விறகு பிளக்கிறார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. படுக்கும் முன் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். போய்ப் படுத்தவர் எழுந்து வந்து மறுபடி பார்க்கிறார். மூன்றாவது தடவையும் வந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலகத்தில் இன்னொருத்தன் இருக்கிறான், பனியில் இருந்தால் என்ன!

கீழே என் மகள் எழுதிய எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. வட்டம் வட்டமாக, ஜிலேபி பிழிந்த மாதிரி, அழகாகத்தான் இருந்தது. ஓர் இடத்தில் சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அரை நொடி தாமதமாக. இன்னோர் இடத்தில் எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். நானும் இழுத்தேன். இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த வெண்ணிலா அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்க்காமல்.

பிறகு வேறொரு பெண்பிள்ளை வந்தாள். உடம்பெல்லாம் காக்கை இறகு, முகம் மட்டும் வெள்ளை. அவள் வந்ததும் ஆயிரம் காக்கைகள் கூரையில் உட்கார்ந்தன. இறகுகளுக்குள்ளிருந்து ஒரு தோல் சுருளை எடுத்து நீட்டினாள். முழுக்க எழுத்து. தாடிக்காரர் அதை மேலிருந்து கீழே பார்த்தார். விரலைக் கீறி, ரத்தத்தில் இறகைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வேர்த்துவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்தோணி, "என்னப்பா, மூச்சு வாங்குது?" என்றான்.

"கேஸ் வாசம் வருதா உனக்கு?"

"பாப்கார்ன் வாசம்டா அது. படத்தைப் பாரு."

அந்த இறகுக்காரி சிறுமியின் கையைப் பிடித்துப் பனிக்குள் கூட்டிப்போனாள். தாடிக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். காக்கைகள் இறங்கி வந்து அவர் கண்ணைக் கொத்தின. அதைக் காட்டவும் செய்தார்கள். தேவதைக் கதையாம்.

விளக்குப் போட்டார்கள். கடைசியில் ஓடிய எழுத்தில் ஓர் இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வெண்ணிலா வந்து என் முன்னால் நின்றாள்.

"எப்படிப்பா இருந்தது?"

"ரொம்ப நல்லா எழுதியிருந்தே கண்ணு. ஒவ்வொரு லைனும்."

"நானும் பிலோமினா அத்தை வீட்டுக்கு வரேன்" என்றாள். எப்போதும் வராதவள்.

5

பிலோமினா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நாற்காலி போட்டு, காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். களி உருண்டைகள் தட்டில் இருந்தன. கையில் கரண்டி.

"என்ன முருகேசண்ணா, மூஞ்சி பேயறைஞ்சாப்பல இருக்குது? பேய்ப் படமா?"

"தேவதைப் படமுங்க."

"சரி, சொல்லுங்க. குழம்பு கொதிச்சு எறக்கியாச்சு."

எனக்கு வேறு வழியில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன்.

"ஒரு பனிக்காடு. அதுல ஒரு அப்பன். அவனுக்கு ஒரே ஒரு பொண்ணு. அம்மா எங்கியோ காதுகுத்துக்குப் போயிருக்கா போல, வரவே இல்ல."

ரங்கராஜனின் தயிர்சாதம் பாதி வழியில் நின்றது. அந்தோணி வாயைத் திறந்தான். பிலோமினா கரண்டியைத் தூக்கினாள். "திருத்தப்படாது. முடியட்டும்."

"அவனுக்குப் படிப்பு கம்மி. ஆனா பொண்ணு மேல உசுரு. படுக்கப் போறப்ப மூணு தடவை தாழ்ப்பாளைத் தொட்டுப் பாப்பான். ஒரு தடவை பாத்தா போதாதான்னு கேப்பாங்க. கேக்கறவங்களுக்கு என்ன தெரியும்? அப்படி இருக்கறப்ப ஒரு நாள், உடம்பெல்லாம் எறகு வெச்ச ஒரு பொம்பளை வந்து ஒரு காயிதத்தை நீட்டறா. இவன் என்ன பண்ணியிருக்கோணும்? என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டிருக்கோணும். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை. கேக்கலைங்க. கேட்டா, இவனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சு போயிருமே! இத்தனை வருசம் தெரிஞ்சவனாட்ட இருந்துட்டானே! மேலயும் கீழயும் பாத்தான். புருவத்தைத் தூக்குனான். போட்டுட்டான்."

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"பொண்ணுதான் நிக்கறாளே, அவகிட்டயாவது கேட்டிருக்கலாம். அவளும் ஏதாவது கேக்கணுமான்னு கேட்டா. அப்பவும் கேக்கலை. அப்புறம் என்ன, அந்த எறகுக்காரி பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டா. எதுக்குக் கையெழுத்துப் போட்டோம்னு தெரியாம இவன் வாசல்ல நின்னான். காக்கா வந்து கண்ணைக் கொத்திருச்சு. எழுத்துத் தெரியாத கண்ணு இருந்தா என்ன, போனா என்ன. அவ்வளவுதான் கதை."

பிலோமினா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "பாவம்ணா அந்த மனுசன்" என்று என் தட்டில் குழம்பை ஊற்றினாள், ஒரு தொடைக்கறியோடு. இந்த வழக்கம் ஆரம்பித்ததிலிருந்து என் கதைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

அந்தோணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "மினா, ஊத்தாத! கறியைத் திருப்பி எடு! அந்தப் படத்துல அப்பனே கெடையாது!"

"அப்ப அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பாத்த மனுசன்?"

"ஜெயிலருடி அவன்! ராஜா ஆளு. அந்தப் புள்ளையக் கைக்கொழந்தையா தூக்கிட்டு வந்து கோபுரத்துல பூட்டி வெச்சிருக்கற காவக்காரன். எறகு வெச்சவதான் அவளோட அம்மா!"

ரங்கராஜன் முழுதாகத் திரும்பிவிட்டார், கோழியைப் பார்த்தே. "அந்தச் சுருள் விடுதலைப் பத்திரம் ஓய். நான் இவளை அனுப்பறேன்னு அவனே எழுதிக் கொடுக்கணும், அப்பதான் சாபம் போகும். போறவளைப் பாத்துண்டு நின்னா கண்ணு போயிடும்னும் அதுலேயே எழுதியிருக்கு. அவன் படிச்சுட்டுத்தான் போட்டான். தெரிஞ்சேதான் பாத்தான். அதுதானே படமே! ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு அவனைக் 'காவலா, காவலா'ன்னுதானே கூப்பிடறா, கீழே வந்துண்டே இருந்துதே. நீர் எங்கே பாத்துண்டிருந்தீர்?"

ஆக, ஒன்றரை மணி நேரம் ஒரு சிறைக்காவலனைப் பார்த்து, என்னைப் போல ஒரு தகப்பன் என்று அழுதிருக்கிறேன்.

வெண்ணிலா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். "அந்தக் 'காவலா'வுக்குச் சரியான வார்த்தை தேடவே நாலு நாள் ஆச்சு எனக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, உனக்குக் கன்னடம் படிக்க வராது. அல்வா?"

"கண்ணாடியை மறந்துட்டு..." என்று ஆரம்பித்தேன்.

கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது.

6

சிரித்தது அந்தோணி மட்டும்தான், அதுவும் பாதியில் நிறுத்திக்கொண்டான். ரங்கராஜன் எனக்கு எத்தனையோ வருடமாகத் தன் கன்னடப் பேப்பரைப் படித்து முடித்துக் கொடுத்தனுப்புகிறவர். "அப்போ அந்தப் பேப்பரெல்லாம்?" என்றார்.

"படம் பாப்பேங்க. அப்புறம் அடுப்பு மேடைக்கு விரிச்சுருவேன்."

வெண்ணிலா சொன்னாள், அவளுக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரியுமாம். கணக்கில் ஃபெயில், அப்பாவை அழைத்து வா என்று டீச்சர் எழுதிக்கொடுத்ததை, வகுப்பில் முதல் ரேங்க் என்று சொல்லி நீட்டினாளாம். நான் படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக் கையெழுத்துப் போட்டு, மசால் தோசை வாங்கிக் கொடுத்தேனாம். "தோசை சாப்பிடவே முடியலைப்பா. அழுகை வந்தது. நெய் காரம்னு சொன்னேன்." நெய் எப்படிக் காரமாகும் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கிற பழக்கம்தான் எனக்கு இல்லையே.

"அப்ப காலையில போட்டது?"

அவள் பையிலிருந்து எடுத்தாள். இன்னும் கொடுக்கவில்லை. நாளைதான் கடைசி நாளாம். "நீ கேப்பேன்னு நின்னேன்பா. ஒரே ஒரு தடவை, 'என்ன இது'ன்னு கேட்டா சொல்லிடலாம்னு. நீ கேக்கலை. உன்னை ஏமாத்துற மாதிரியே இருந்தது, அதான் கொடுக்க முடியலை. இதுல கடைசி லைன்தான் ரொம்பக் கஷ்டம்."

"என்ன லைன்?"

இருபத்து மூன்று வருடத்தில் ஒரு கன்னடக் காகிதத்தைக் காட்டி நான் கேட்ட முதல் கேள்வி அது.

"'இதை நானே முழுசாகப் படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன்.'"

தடித்த எழுத்தில் இருந்தது அதுதான்.

"மொத்தமும் படி" என்றேன்.

அவள் படித்தாள். கன்னடத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். அவளுக்குத் தமிழ் தடுக்கும். "மேற்கண்ட மாணவி... மேற்கண்ட என் மக... தார்வாடில... எம்.ஏ. கன்னடம்... ரெண்டு வருஷம் அங்கேயே விடுதியில... வாசம் பண்ண... தங்க..." தடுக்கிய இடங்களில் அந்தோணியும் ரங்கராஜனும் ஆளுக்கொரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார்கள். பிலோமினா கரண்டியை வைத்துவிட்டாள். தார்வாடு இங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயில். அவள் இங்கேயே பி.எட். சேருகிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

என் மகள் கன்னடத்தில் எம்.ஏ. படிக்க, அந்த மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத நான் சம்மதம் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்ச்சி நிறைய.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்க ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நிற்குமா? ஓர் அறையில் எத்தனை பேர்? ரயில் விடிந்த பிறகு போய்ச் சேருமா, இருட்டிலேயா? விடுதிச் சமையலறையில் சிலிண்டர் உள்ளே இருக்கிறதா, வெளியே கூண்டுக்குள்ளா? ட்யூபைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?

"அதெல்லாம் ஃபாரம்ல இல்லப்பா."

"இருக்கோணும். நான் ஒரு நாள் வந்து சோப்பு நுரை வெச்சு, கேஸ் கசியுதான்னு பாத்துட்டு வந்தர்றேன்."

"வந்து பாரு."

கடைசியாக ஒன்று கேட்டேன். "படிச்சு முடிச்சுட்டு இங்க திரும்பி வந்துருவியா கண்ணு?"

அவள் காகிதத்தின் மடிப்பை நகத்தால் தேய்த்தாள். "தெரியலைப்பா."

அந்தியூர் பஸ் நிலையத்தில் இதே கேள்வியை என் அம்மா கேட்டாள். ஒரே வருசம், வந்துருவேன் என்றேன். நிறுத்தி நிறுத்தி, தெளிவாக. இவள் சொன்னது அதைவிட யோக்கியமான பதில்.

"கடைசி வரியை அடி" என்றேன். "பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்."

"அடிச்சா ஆபீஸ்ல திருப்பிடுவா" என்றார் ரங்கராஜன். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருட வங்கி கிளார்க் வெளியே வந்துவிட்டார். "இதுக்கு வழி இருக்கு ஓய். கைநாட்டு வாங்கறச்சே பேங்க்ல எழுதுவோம். வெண்ணிலா, அந்த வரிக்குக் கீழே எழுது. 'மேற்கண்டது முழுவதும் கையெழுத்திடுபவருக்குத் தெரிந்த பாஷையில் படித்துக் காட்டப்பட்டது. அவர் கேட்டு, புரிந்துகொண்டு, சரியென்று ஒத்துக்கொண்டார்.' கீழே ரெண்டு சாட்சி."

அவள் எழுதினாள், அந்த ஜிலேபி எழுத்தில், அழகாக. சாட்சியாக ரங்கராஜன் போட்டார். அந்தோணி கையைக் கழுவிவிட்டு வந்து போட்டான். ஆனாலும் ஒரு ஓரத்தில் குழம்புக் கறை ஒட்டிவிட்டது. இந்தக் கறைக்காகவே திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்கு இப்போதே கவலை.

"போடுங்கண்ணா, களி ஆறுது" என்றாள் பிலோமினா.

ஆகவே, அந்தியூர் வாசகர்களே, அன்றைக்கு ஒரே காகிதத்தில் நான் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டேன். காலையில், எதற்கென்று தெரியாமல் பயந்துகொண்டு போட்டேன். மாலையில், எதற்கென்று தெரிந்துகொண்டு பயந்துகொண்டு போட்டேன். எழுத்தறிவால் மனிதனுக்குக் கிடைக்கும் முன்னேற்றம் இவ்வளவுதான் போலிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்ப அவள் முன்னால் நடந்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. நான் பிலோமினா வீட்டு வாசலில் நின்று, தெருத் திரும்பும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.